கொடை வெள்ளிக்கு டூர்

தனலட்சுமி: …தலைகீழாவா? யப்பா, ஆளை உக்கார வச்சுத் தலைகீழாவா சுத்துவான்?

சுடலைக்கண்ணு: ஆமா. ரெண்டு சுத்து. இந்தா, நோட்டீசுல படம் போட்டிருக்கான் பாரு. மில்லுல ஆளுக்கொண்ணு குடுத்தான்.

தங்கத்தாய்: இங்கன கொண்டா… ஏ ஆத்தா! இப்படித் தொங்குததுக்கு மெட்ராசு வரைக்கும் போவணுமா? நம்ம புளியமரத்துல வவ்வாலு தெனமும் சும்மாத் தொங்குது.

சுடலைக்கண்ணு: சும்மா இருட்டி. நூறு ஏக்கராம். ராட்டினம், சறுக்கு, தண்ணி, எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள. தங்குத ரூம்பும் அதுக்குள்ளயே. ஜன்னலத் தொறந்தா கடலு.

தங்கத்தாய்: சோறு?

சுடலைக்கண்ணு: சோறும் அவன்தான். பஸ்சும் மில்லு மன்றத்துல விடுதான். நீ கைய வீசிக்கிட்டு வந்து ஏறிக்கிட வேண்டியதுதான்.

தங்கத்தாய்: மூணு நாளைக்கு அடுப்பு மூட்ட வேண்டாமா? இத மொதல்லயே சொல்லிருக்கணும் நீங்க.

தனலட்சுமி: அலைக் குளம்னு போட்டிருக்கே, அது என்னதுப்பா?

சுடலைக்கண்ணு: அதுவா… மிசினு வச்சு அலை அடிக்கான்.

தங்கத்தாய்: கடல பக்கத்துலயே வச்சுக்கிட்டு மிசினு வச்சா அலை அடிக்கான்?

சுடலைக்கண்ணு: கடல்ல ஆழம்லா. இது இடுப்பளவு.

தங்கத்தாய்: எனக்கா இடுப்பளவு? ஏரல் ஆத்துல வெள்ளம் போவும்போதே அக்கரை ஏறுனவ நான். அவன் அலைய நான் பாத்துக்கிடுதேன்.

சுடலைக்கண்ணு: சேலையோட இறங்க விடமாட்டானாம். அங்கன உடுப்பு தருதானாம்… பேண்டு மாதிரி.

தங்கத்தாய்: தந்தா போட்டுக்கிடுதேன்.

தனலட்சுமி: யம்மா!

தங்கத்தாய்: என்னட்டி யம்மா? அங்கன நம்மள யாருக்குத் தெரியும்?

சுடலைக்கண்ணு: எங்கூட வேலை பாக்குத ஜேசுதாசன்ட்ட கேமராவுக்குச் சொல்லி வச்சிருக்கேன். முப்பத்தாறு படம் விழும். அதுல ஒண்ணு உங்கம்மா பேண்டுக்குன்னே வைக்கணும்.

தங்கத்தாய்: எடுங்க. எடுத்து உங்க அண்ணன் வீட்டுச் சொவத்துல மாட்டுங்க. மதினி பாத்து வயிறெரியட்டும்.

தனலட்சுமி: என்னைக்குப்பா கெளம்புதோம்?

சுடலைக்கண்ணு: அடுத்த வியாழன் சாயங்காலம். வெள்ளி, சனி அங்கன. ஞாயித்துக்கிழமை வீடு.

தனலட்சுமி: அடுத்த வெள்ளியா?

சுடலைக்கண்ணு: ம்.

தனலட்சுமி: யப்பா… அன்னைக்குத்தான நம்ம சுடலைமாடன் கோயில் கொடைத் திருநாளு?

சுடலைக்கண்ணு: …ம்.

தனலட்சுமி: நீங்கதான சாமியாடணும்? நீங்க இல்லாம ராத்திரி சுடுகாட்டு வேட்டைக்கு யாரு போவா?

தங்கத்தாய்: தனம், சுபைதா அக்கா கடையில போயி சீனி வாங்கிட்டு வா.

தனலட்சுமி: நேத்துத்தான வாங்கினேன்…

தங்கத்தாய்: இன்னைக்கும் வாங்கு. பைய நடந்து போயிட்டு வா, ஓடாத.

சுடலைக்கண்ணு: …போயிட்டாளா?

தங்கத்தாய்: தெரு திரும்பிட்டா. தேதி பாத்துத்தான் பேரு குடுத்தியளா?

சுடலைக்கண்ணு: தேதிய நானா வச்சேன்? மில்லுல வச்சான்.

தங்கத்தாய்: பேரு குடுத்தது நீங்கதான.

சுடலைக்கண்ணு: நான்தான். இப்ப அதுக்கு என்ன? இங்க பாரு, நாளைக் கழிச்சு கோயில்ல கால்நாட்டு, பந்தக்கால் ஊனுதாங்க. பூசாரி வந்து எங்கையில காப்பக் கட்டிட்டாருன்னா, கொடை முடியுத வரைக்கும் ஊர் எல்லையத் தாண்ட முடியாது. அதுக்கு முன்னாலயே நேராப் போயிச் சொல்லிருவேன். இந்த வருசம் நான் ஆடல, ஆளப் பாருங்கன்னு.

தங்கத்தாய்: யாரப் பாப்பாக?

சுடலைக்கண்ணு: அண்ணன் மவன் சுடலைராஜ் இருக்காம்லா. எங்கப்பாவுக்குப் பொறவு எனக்கு வரலியா? அது மாதிரி அவனுக்கு வரும்.

தங்கத்தாய்: அவனா? கோழி அறுக்கதப் பாத்தாலே மயங்கி விழுதவன்.

சுடலைக்கண்ணு: விழட்டும். சாமி வந்துட்டுன்னு கும்பிட்டுக்கிடுவாங்க.

தங்கத்தாய்: வாயப் பாரு!

சுடலைக்கண்ணு: நான் சொன்னா சொன்னதுதான். எவனுக்கும் பயப்பட மாட்டேன்.

தங்கத்தாய்: சரி.

சுடலைக்கண்ணு: …என்னது?

தங்கத்தாய்: சரிங்கேன். மூணு பேருக்கு அந்தப் பெரிய பை போதும்லா? பரண்ல கெடக்கு, எடுத்துத் தொடச்சு வைக்கேன்.

சுடலைக்கண்ணு: ஏட்டி, நில்லு. நில்லுங்கேன்லா! பதினாறு வருசமா ஆடுதவன், கொடைய விட்டுட்டு சறுக்கு வெளையாடப் போறேங்கேன். குடிய கெடுத்திராதியன்னு நீ கத்துவேன்னு மூணு நாளா பதிலு தயார் பண்ணி வச்சிருக்கேன். நீ என்னடான்னா பை எடுக்கப் போற!

தங்கத்தாய்: பிள்ளை ஆசைப்படுதா.

சுடலைக்கண்ணு: பிள்ளை போன வருசம் குத்தாலத்துக்கு ஆசைப்பட்டா. கொடை முடியாம ஒருத்தரும் வாசல்படி இறங்கக் கூடாதுன்னு நின்னது யாரு?

தங்கத்தாய்: அது போன வருசம். இப்ப நான் கத்தணுமா உங்களுக்கு?

சுடலைக்கண்ணு: கத்தேன். நாலு வார்த்தை கத்தினாத்தான் எனக்கு மனசு ஆறும்.

தங்கத்தாய்: மனசுக்கு என்ன? என்னத்த மறைக்கிய?

சுடலைக்கண்ணு: ஒண்ணுமில்ல.

தங்கத்தாய்: எம் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. ஏன் ஓடுதிய?

சுடலைக்கண்ணு: …தங்கம்… எனக்குச் சாமி வரலட்டி.

தங்கத்தாய்: என்ன சொல்லுதிய?

சுடலைக்கண்ணு: மூணு வருசமாச்சு. கணியான் மகுட மேளம் அடிக்கான், நான் கண்ண மூடிக்கிட்டு நிக்கேன்… ஒண்ணும் இல்ல. வெறும் உடம்பு. ஊரே கும்பிட்ட கையோட பாத்துக்கிட்டு நிக்கி. என்ன செய்யச் சொல்லுத? ஆடிட்டேன்.

தங்கத்தாய்: மூணு வருசமுமா?

சுடலைக்கண்ணு: மூணு வருசமும். ஆட்டம் தெரியும்லா. தீப்பந்தத்த எடுத்து மார்ல தேச்சா முன்னல்லாம் சுடாது. இப்பம் சுடுது. சுட்டாலும் சிரிச்சுக்கிட்டே தேச்சேன்.

தங்கத்தாய்: அந்தக் கொப்புளம்… பைக்குச் சைலன்சர் பட்டுட்டுன்னு சொன்னிய.

சுடலைக்கண்ணு: சைலன்சர் எங்கயாவது மார்ல படுமாட்டி? நீயும் கேள்வி கேக்காம எண்ணெய் போட்டுவிட்ட.

தங்கத்தாய்: அம்புட்டுச் சூட்டையும் தாங்கிக்கிட்டா ஆடுனிய?

சுடலைக்கண்ணு: சூட்டக்கூடத் தாங்கிருவேன். போன கொடைக்கு ராதாபுரத்துல இருந்து ஒரு பொம்பள வந்தா பாரு, ரெண்டு பொட்டப் பிள்ளையளக் கையில பிடிச்சுக்கிட்டு…

தங்கத்தாய்: புருசன் பம்பாய்க்குப் போயித் திரும்பி வரலன்னு குறி கேட்டாளே, அவளா?

சுடலைக்கண்ணு: அவதான். தை பொறக்குததுக்குள்ள வந்திருவாம்னு சொன்னேன். சாமி சொல்லல, நான் சொன்னேன். அவ அழுத அழுகைக்கு வேற என்னத்தச் சொல்ல? தை போயி சித்திரையும் வந்துட்டு, அவன் வரல. திசையன்விளை சந்தையில அவளப் பாத்தேன். அம்மா வீட்டுல வந்து இருன்னு கூப்பிடுதாங்களாம். போவமாட்டாளாம். சாமியே சொல்லிருக்கு, வந்து பூட்டின வீட்டப் பாத்தா திரும்பிப் போயிருவாருங்கா.

தங்கத்தாய்: அய்யோ…

சுடலைக்கண்ணு: அடுத்த வெள்ளிக்கும் வருவா. எங்கால்ல விழுவா. அவ மொகத்துல முழிக்க எனக்குப் பயமா இருக்குட்டி. அதான் ஓடுதேன். சாமிக்குப் பயந்து இல்ல, அவளுக்குப் பயந்து. இப்பமாவது கத்து.

தங்கத்தாய்: கத்தல.

சுடலைக்கண்ணு: ஊரை ஏமாத்திட்டேன். ஒன்னையும்.

தங்கத்தாய்: இருங்க… கொஞ்சம் இருங்க. மூணு வருசமா சாமி உங்க மேல இல்ல. நெசந்தான? ஒரு தடவகூட இல்லியா? சுடுகாட்டு வேட்டைக்குப் போவும்போதுகூட?

சுடலைக்கண்ணு: சத்தியமா இல்ல. படையல் சட்டியத் தூக்கிக்கிட்டு, முள்ளு குத்துத கால நொண்டாம நடந்தேன், அம்புட்டுதான். எதுக்குட்டி திருப்பித் திருப்பிக் கேக்க? …ஏ, சிரிக்கியா அழுதியா?

தங்கத்தாய்: ரெண்டும்தான். மூணு வருசமா மகுடச் சத்தம் கேட்டா எனக்கு உள்ளங்கால்ல இருந்து ஏறுது. முந்தானைய வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு, கோயில் தூணக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். அந்த ராதாபுரத்துக்காரி கேக்கும்போது, ‘அவன் வரமாட்டான், நீ ஒம் பிள்ளையளப் பாத்துப் பொழைச்சுக்கோ’ன்னு ஒரு ஆம்பளக் குரலு எந் தொண்டையில வந்து முட்டுச்சு. முழுங்கிட்டேன். சாமிதான் அங்கன உங்க மேல நின்னு ஆடுதே, அப்பம் எம் மேல ஏறுதது பேயாத்தான இருக்கும்னு உங்ககிட்டகூட மூச்சு விடல. அதுக்குப் பயந்துதான் நீங்க டூருன்னு சொன்னதும் பை எடுக்க ஓடினேன். நாளைக்கு மில்லுல பேர அடிச்சிட்டு வந்திருங்க, தனத்துக்கு நான் சொல்லிக்கிடுதேன். நாளைக் கழிச்சு பூசாரி காப்புக் கட்ட வரும்போது நீங்க கைய நீட்டாதிய… நான் நீட்டுதேன்.