சும்மா கிடக்கும் வெயில்

லண்டனில் மோர்மிளகாய் காயாது. உங்கள் மொழிபெயர்ப்பாளர் பிள்ளை சிரிக்கிறார்; அவர் வீட்டிலும் யாராவது முயன்று பார்த்திருப்பார்கள். மிளகாயைக் கீறி உப்புத் தயிரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் பரப்ப வேண்டும். மாலையில் மறுபடி தயிருக்குள் போட வேண்டும். இப்படி ஒரு கிழமை, ஏழு நாளும் விடாமல் வெயில் எரிய வேண்டும். நான் இருக்கும் குட்மேய்ஸில் அப்படி ஒரு கிழமையை நான் இன்னும் காணவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் சொல்கிறேன்.

சுபாஸ்கரன் என் தங்கை சிவரூபினியின் கணவன். அவளை ரூபி என்றுதான் கூப்பிடுவோம். ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். கலியாணம் முடிந்ததிலிருந்து இருவரும் என் வீட்டில்தான் இருந்தார்கள். அவன் கெட்டவன் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் மோர்மிளகாயைக் கடித்துவிட்டு, "மண் கடிபடுது" என்று முகத்தைச் சுளிப்பான். அந்தச் சுளிப்பிலிருந்துதான் அவனுக்கு அரிசோனா வந்தது.

அவனோடு படித்த தவராசா, அமெரிக்காவில், அரிசோனாவில் யூமா என்ற ஊரில் சின்ன மோட்டல் ஒன்று நடத்துகிறான். பாலைவனத்து ஊர். மோட்டலுக்குப் பின்னால் வெறும் காணி. அங்கே மிளகாயும் வேப்பம்பூ வடகமும் காயவைத்து, பைக்கற்றில் அடைத்து, லண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்புவது என்று இருவரும் தொலைபேசியிலேயே தீர்மானித்துவிட்டார்கள்.

"மச்சான், அங்கை வெயில் சும்மா கிடக்குது. ஒருத்தரும் எடுக்கிறேல்லை," என்றான் சுபாஸ்கரன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில்.

"வெயிலுக்கும் கவுன்சிலிலை பெர்மிஷன் கேப்பாங்கள்," என்றேன்.

ரூபி சிரித்தாள். "அண்ணைக்கு எல்லாம் கவுன்சில்தான். சொர்க்கத்துக்குப் போனாலும் ஆர் இதுக்குக் கேர்டேக்கர் எண்டுதான் கேப்பார்."

நானும் சிரித்தேன். நான் கவுன்சில் நடத்தும் அடுக்குமாடி ஒன்றில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கேர்டேக்கராக இருக்கிறேன். ரூபி சிரிப்பதற்காக நான் எதையும் சொல்வேன். அப்பா அம்மா போனபிறகு அவளை வளர்த்தது நான்தான். லண்டனுக்குக் கூப்பிட்டதும் நான்தான். நான் கலியாணம் செய்யாததற்கு வேறு காரணம் தேடாதீர்கள். அவள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவள் தோய்த்த சேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கும் போதுமாகத்தான் இருந்திருக்கும்.

யூமாவுக்குப் போகும் முன் உப்பும் தயிரும் எவ்வளவு என்று சரி பார்க்க வேண்டும் என்றான் சுபாஸ்கரன். என் தோட்டத்து ஷெட்டில் தட்டுகளை அடுக்கி, பழைய காஸ் சிலிண்டர் ஹீற்றர் ஒன்றை வைத்துச் சூடாக்கினான். பூட்டிய அறைக்குள் அந்த மாதிரி ஹீற்றரை எரிக்க வேண்டாம் என்று குளிர்காலம் தொடங்கியதும் கதவு கதவாகத் தட்டிச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. மணமில்லாத நச்சு வாயு, ஆளுக்கே தெரியாமல் ஆளை எடுத்துவிடும். அதனால் ஷெட்டின் சுவரில் காற்றுக்கு இரண்டு துளைகள் போடச் சொன்னேன். அவன் உயிரைப் பற்றி முதலில் யோசித்தவன் நான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விசா வந்த கிழமை ரூபி என்னைக் குசினிக்குக் கூப்பிட்டாள். புது ரைஸ் குக்கர் ஒன்று வாங்கி வைத்திருந்தாள்.

"இஞ்சை பாருங்கோ அண்ணை. அரிசி இவ்வளவு, தண்ணி இந்தக் கோடு மட்டும். பிறகு இதை அமத்தினால் சரி."

"எனக்கெதுக்கு?"

"தனிய இருக்கப் பழகோணும் எல்லே," என்றாள். மிக அன்பாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஷெட்டின் மணம் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு எட்வேட்டுக்கும் மிளகாய் நெடி பிடிக்காது, இருமுவார். அதனால் ஒரு சனிக்கிழமை காலை பழைய போர்வையைக் கிழித்து அந்த இரண்டு துளைகளையும் அடைத்தேன். அயலவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது. எட்வேட் அந்தக் கிழமை ஸ்பெயினுக்குப் போயிருந்தார். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பயணம் நல்லபடி அமைய வேண்டும் என்று அன்று ரூபி விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். சுபாஸ்கரன் மிளகாய் திருப்பிப் போட ஷெட்டுக்குப் போனான். சூடு போகாமல் கதவைச் சாத்திக்கொள்வது அவன் வழக்கம். நான் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். தட்டுகளில் சாய்ந்தபடி நிலத்தில் இருந்தான். கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் கண்டான் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் கையைக் கொஞ்சம் தூக்கினான்.

கதவு திறந்திருந்தால் சூடு வெளியே போய் மிளகாய் நமத்துவிடும். ஆகவே சாத்தினேன்.

பிறகு போர்வைத் துண்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டேன். அம்புலன்சுக்குப் போன் அடித்ததும் நான்தான். ஹீற்றர் பழையது, அதனால் வந்த விபத்து என்று விசாரித்தவர்கள் முடிவு சொன்னார்கள். ஹீற்றர் பழையதுதான்.

ரூபி அழுதாள். அவளுக்கு நான் சமைத்துக் கொடுத்தேன், அந்தக் குக்கரில். சாப்பிட்டாள். வீடு முன்போல ஆகிவிடும் என்று இருந்தேன். முதலாளி போனால் கம்பனியும் போய்விடும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்.

நான் விட்ட பிழை அதுதான். எங்கள் ஆட்களில் பலருக்கு இரண்டு பிறந்தநாள் இருக்கும். ஒன்று பிறந்தது, மற்றது அகதி வழக்குக்குக் கொடுத்தது. சுபாஸ்கரனுக்கு ஜேர்மனியில் வேறு ஒரு பிறந்தநாள் பதிவில் இருந்தது. அமெரிக்கக்காரன் அதைக் கிண்டுவான் என்ற பயத்தில், கம்பனி, காணிக் குத்தகை, விசா எல்லாவற்றையும் ரூபியின் பெயரில் எடுத்திருந்தான். மனைவியோடு போகும் கணவனாகத்தான் அவன் போக இருந்தான். யூமாவில் முதலாளி என் தங்கை. இதை இருவரும் என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு மூத்தவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

தவராசாவின் மனைவி றோஸ்மலர் அடிக்கடி தொலைபேசியில் பேசினாள். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது. "நீ வா ரூபி. காயப்போடுற தட்டெல்லாம் அடிச்சு வைச்சிருக்கிறம். அழுறதெண்டாலும் வெயிலுக்குள்ளை நிண்டு அழு."

ரூபி என் முன்னால் வந்து நின்றாள். "அவர் ஆசைப்பட்டது அண்ணை. நான் போறன்."

"தனிய ஏலுமோ?"

"ஏலும்," என்றாள்.

வருகிற வியாழக்கிழமை பயணம். அவள் பெட்டி அடுக்கத் தொடங்கிய இன்று காலையில்தான் நான் இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. நானாகவே வந்தேன். மனச்சாட்சி உள்ள மனிதன் ஒரு உயிர் விஷயத்தை எவ்வளவு காலம் மூடிவைத்திருப்பான். சுபாஸ்கரனைக் கொன்றது நான்தான். தெரிந்து செய்தேன், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இனி இது கொலை வழக்கு. ரூபி அதில் முக்கியமான சாட்சி. வழக்கு முடியும்வரை சாட்சிகள் லண்டனை விட்டுப் போக ஏலாதுதானே.