உறையாத பழச்சாறு

பழச்சாற்றில் ஐஸைக் கடைசியில்தான் போட வேண்டும், இன்ஸ்பெக்டர் மேடம். முதலிலேயே போட்டால் சாறு நீர்த்துப்போகும். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் இதில்லைதான். ஆனால் ஹோட்டல் பாரில் குலுக்கி ஊற்றியே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். பேச்சை அங்கிருந்துதான் எனக்குத் தொடங்க வரும்.

என் கை பட்டால் பச்சைத் தண்ணீர்கூட எழுந்து ஆடும். நான் கலந்து கொடுத்ததைக் குடித்துவிட்டு ஜென்ம விரோதிகள் இருவர் அதே மேஜையில் சம்பந்திகளானார்கள். வோட்காவின் வாடையை இஞ்சியும் எலுமிச்சைத் தோலும் ஒரு சிட்டிகை உப்பும் விழுங்கிவிடும். எங்கள் மேனேஜரே ஏமாந்தார். காலையில் வெறும் பழரசம் என்று குடித்தவர், மதியம் தொட்டிச் செடிகளுக்கெல்லாம் சம்பளம் உயர்த்தினார்.

ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் நான், மகன், மருமகள். அவள் தையல்காரி, பார்வையும் ஊசிதான். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை உண்டாகியிருந்தபோது தூக்கமில்லை, நெஞ்செரிச்சல், எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு. தனி வீடு பார்க்கலாம் என்று மகனின் காதை அரித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் காது உண்டு. மறுநாள் சாயங்காலம் அவளுக்கு ஒரு மாதுளைச் சாறு போட்டுக் கொடுத்தேன். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள் என்கிற மாதிரி தூங்கினாள். மகன் என்னோடு உட்கார்ந்து சீட்டாடினான்.

அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. தனி வீட்டுப் பேச்சும் அடங்கியது. "எங்க மாமா கையால குடிச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது" என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்தாள். பாராட்டுக்கு மயங்காதவன் யார்.

பேத்தி உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி பிறந்தாள். குருவி என்று நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன். சின்னக் கண்கள். மெல்லிய மேலுதடு. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பள்ளம் இஸ்திரி போட்டது போல வழவழவென்று இருந்தது. காலையில் சொல்லிக்கொடுத்த எண் மாலையில் அவளிடம் இருக்காது. எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்பது தினமும் புதுக் கேள்வி. சட்டைத் தையல் உறுத்தினால் சுவரில் முட்டிக்கொள்வாள். அம்மாக்காரி உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டிவிடுவாள்.

டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து மருமகளிடம் கேட்டார்: "வயித்துல இருக்கும்போது குடிச்சீங்களாம்மா? மறைக்காம சொல்லுங்க." எந்தச் சரக்கானாலும் தாய் குடித்தால் அது குழந்தையின் மூளைவரை போகும், போனதைத் திருப்ப முடியாது என்றார். மருமகள் இல்லவே இல்லை என்றாள். மகன் ஜன்னலைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் மகனைத் தனியாக அழைத்தேன். "உன் பொண்டாட்டியோட மாமன் ஒருத்தரு இப்படித்தான் இருந்தாராம்ப்பா. ரத்தத்துல வர்றது" என்றேன். அப்படி ஒரு மாமன் கிடையாது. மகன் அதையும் நம்பினான், டாக்டரையும் நம்பினான். மனைவி இல்லாத நேரத்தில் அவள் அலமாரியில் பாட்டில் தேடுவான். தேடி முடித்ததும் நான்தான் துணிகளைப் பழையபடி மடித்து வைப்பேன்.

முதல் தடவை தெரியாமல் செய்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். இந்த வருஷம் அவள் மறுபடி உண்டானாள். ரொம்ப யோசித்தேன், மேடம். இரண்டாவது நன்றாகப் பிறந்துவிட்டால் ரத்தக் கதை நிற்காது. அப்படியானால் குருவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அதனால் மாதுளை வாங்கி வந்தேன்.

ஆரம்பத்தில் குடித்தாள். அதே தூக்கம் திரும்பி வந்ததும்தான் அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பிறகு, "அப்புறம் குடிக்கிறேன் மாமா" என்று கிளாஸை வாங்கிக்கொண்டு போவாள். கிளாஸ் காலியாகத்தான் திரும்பும். ஆனால் ஆள் தூங்கவில்லை. கொட்டிவிட்டாளோ என்று பாத்திரம் கழுவும் தொட்டியை முகர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீசரிலிருந்து இரண்டு கிண்ணங்களை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்று மகனுக்கு நான் போட்ட சாறு, மற்றது அவளுக்குப் போட்டது. ஒரே பழம், ஒரே கை. மகனுடையது கல்லாக உறைந்திருந்தது. அவளுடையது கூழாகக் கிடந்தது. வோட்கா கலந்த சாறு லேசில் உறையாது, மேடம்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே வச்சேன். இது மட்டும் ஏன் மாமா கெட்டியாகல?"

"ஃப்ரிட்ஜுக்கும் என் வயசாகுதும்மா. பாதி பக்கம் வேலை செய்யாது."

அவள் சிரிக்கவில்லை. கூழை ஒரு ஸ்பூன் அள்ளினாள். "குருவி, வாயத் திற."

என் கை என்னைக் கேட்காமலே போய்த் தட்டிவிட்டது. ஸ்பூன் சுவரில் மோதி விழுந்தது. "சின்னப் பிள்ளைக்குப் போய் யாராவது அதக் குடுப்பாங்களா" என்றேன்.

"எத மாமா?" என்றாள். மகன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

அவ்வளவுதான். இரண்டு தடவையும் வோட்கா கலந்து கொடுத்தது நான்தான். மருமகள் மேல் தப்பில்லை என்று மகனிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள், மேடம். ஸ்பூனைத் தட்டிவிட்டவன் நான். என் பேத்தியின் வாயில் அதில் ஒரு சொட்டுகூட நான் படவிட்டதில்லை.