முன்வாசலில் மாதா

சிட்னியில் பரமட்டாவுக்குப் போகும் ரயிலில், உறங்கும் என் குழந்தையின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக்கேட்பது சரியில்லை என்று தெரியும்; ஆனால் இடம் மாறினால் குழந்தை விழித்துவிடுமோ என்று பயம். பக்கத்தில் ஒரு தாயும் மகளும் எதிரெதிரே இருந்தார்கள். மகள் மடியில் தாளை வைத்து ஒரு வீட்டின் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“ஏன் பிள்ளை தலைகீழாக் கீறுறாய்?”

“உங்களுக்கு நேராத் தெரியத்தான் அம்மா. அமெரிக்காவில ஒரு கறுப்பின ஆர்க்கிடெக்ட் இப்பிடிக் கீறப் பழகினவர். வீடு கட்ட வாற வெள்ளைக்காரர் தனக்குப் பக்கத்தில இருக்க விரும்பமாட்டினம் எண்டு, மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து கீறினவர். யூனிவர்சிட்டியில ஒருத்தரும் அவரைப் பற்றிச் சொல்லேல்லை. நானாத் தேடிப் படிச்சனான்.”

“அவையளுக்கு வீடு மட்டும் வேணுமாக்கும்.”

“ஓம். அவர் கீறின வீடுகள் இருந்த சில தெருக்களில கறுப்பர் எண்டதால அவருக்கே வீடு வாங்க ஏலாமல் இருந்தது.”

தாய் படத்தில் விரலை வைத்தார். “இதென்ன, முன்வாசலில?”

“வாற கிழமை அப்பா ஆஸ்பத்திரியால வாறார் எல்லே. வீல்செயாருக்குச் சாய்வுப் பாதை.”

“பின்பக்கம் போடச் சொன்னனான். முன்னுக்கு மாதா சுரூபம் நிக்குது. அப்பா குசினிக் கதவால வரட்டும்.”

“அப்பா உழைச்சு வாங்கின வீடு அம்மா. அவர் குசினியாலயோ வாறது?”

ரயில் ஒரு நிலையத்தில் நின்று புறப்பட்டது. தாய் மறுபடியும் படத்தின் முன்வாசலில் விரலை வைத்தார்.

“சரி, மாதாவைக் கொஞ்சம் தள்ளி வைப்பம். அவவும் பிள்ளைத்தாச்சியாத் தங்க இடம் கேட்டுக் கதவு கதவாத் தட்டித் திரிஞ்சவதானே. கோவிக்கமாட்டா.”