இசாலே இலை கொண்டுபோகவில்லை

பெயர்: ஹொனொராத்தா டெம்பா, காலஞ்சென்ற கௌடென்ஸ் டெம்பாவின் மனைவி. வயது எழுபத்து நான்கு. தொழில்: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மதம்: கத்தோலிக்கம். முகவரி: மேல் வாய்க்கால் ஓரம், கியெரெனி கிராமம், மோஷி மாவட்டம்.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இன்று காலை யாருடைய தூண்டுதலும் இல்லாமல், துணைக்கும் யாரும் இல்லாமல், நானே நடந்து இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். கடந்த திங்கட்கிழமை இதே இடத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பகுதி பொய். அந்த வாக்குமூலத்தின் பேரில் என் பக்கத்துத் தோட்டத்துக்காரரான எலிசான்டே மின்ஜா காவலில் இருக்கிறார். நாளை அவரை மோஷிக்குக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் நிறுத்தப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு முன் உண்மையைச் சொல்ல வந்தேன்.

எலிசான்டேயின் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் நடுவில் இசாலேச் செடி வேலி இருக்கிறது. அவர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். சென்ற மாதம் வாய்க்காலில் எனக்குரிய முறை நாளில் மடையைத் திறந்து தன் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டார். நான் நேரில் போய்க் கண்டித்தேன். அங்கே மண்வெட்டியோடு நின்றவர்கள் எல்லோரும் கேட்க, "டீச்சரம்மா, தண்ணிக்குக் கத்தோலிக்கா லுத்தரானான்னு தெரியாது. பள்ளம் எங்க இருக்கோ அங்க ஓடுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அதன் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

அதன் பிறகு என் காப்பிச் செடிகளுக்குப் பூச்சி மருந்தும் இலை நோய்க்கான நீல மருந்தும் கலந்து தெளிக்க ஆட்கள் வந்தார்கள். போகும்போது அவர்களில் ஒருவன், "பாட்டிம்மா, செடிக்கு அடியில இருக்குற புல்லை இப்ப அறுத்துடாதீங்க, நல்ல மழை ஒண்ணு பெய்யட்டும்" என்றான். உன் அப்பனுக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். மழை பெய்யவில்லை. கீழே சமவெளியிலிருந்து புல் சுமந்து வரும் பெண்ணும் அந்த வாரம் வரவில்லை. சனிக்கிழமை நானே காப்பிக்கு அடியில் புல் அறுத்து மாட்டுக்குப் போட்டேன். அது என்னிடம் இருந்த ஒரே பால் மாடு. வழக்குக்குத் தேவையில்லாவிட்டாலும் சொல்கிறேன்: மாலையில் நான் அதனிடம்தான் பேசுவது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது மாடு கொட்டகையில் விழுந்து கிடந்தது. வாயில் நுரை இருந்தது. கால்நடை உதவியாளர் வந்து பார்த்து விஷம் என்றார். அதன் பிறகு என் கணவரின் தம்பி எவரிஸ்தி டெம்பா வந்து யார் மேல் சந்தேகம் என்று கேட்டார். நான் எலிசான்டேயின் பெயரைச் சொன்னேன். திங்கட்கிழமை இங்கே வந்தோம். அன்றிருந்த அதிகாரி, "நீங்க நேர்ல பாத்தீங்களா டீச்சரம்மா?" என்று கேட்டார். சனிக்கிழமை மாலை வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமும் சத்தத்தை மட்டும்தான் நான் கேட்டிருந்தேன். ஆனால் பார்த்தேன் என்று சொன்னேன். எலிசான்டே கொட்டகையில் குனிந்து எதையோ போட்டார் என்றும் பழுப்புச் சட்டை போட்டிருந்தார் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவரிடம் இருப்பதே அந்த ஒரு சட்டைதான் என்பது எனக்குத் தெரியும். அப்போது நான் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்வதாகவே நினைத்தேன். என் பேச்சை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த எங்கள் அன்பியத்தின் ஜெபக் கூட்டம் என் வீட்டில் நடந்தது. அதற்குத் தலைவி நான். எலிசான்டே மனந்திரும்ப வேண்டும் என்று ஜெபமாலையை நான்தான் தொடங்கினேன். எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள்.

நேற்று காலை, போன சனிக்கிழமை புல் அறுக்கும்போது இடுப்பில் கட்டியிருந்த துணியைத் துவைக்க எடுத்தேன். அதன் ஓரம் முழுவதும் நீலமாக இருந்தது. தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான் அறுக்காமல் விட்ட புல்லிலும் அதே நீலம் படிந்திருந்தது. கொட்டகையில் மீந்திருந்த புல்லிலும் இருந்தது. அதன் பிறகு துணியைத் துவைக்காமல் மடித்து வைத்தேன். இப்போது அதை அதிகாரியிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

மாலையில் எவரிஸ்தியை வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "அண்ணி, இதை ஏன் பெருசு பண்றீங்க? நானே ஒரு இசாலே இலையை முடிஞ்சு அவன் பொண்டாட்டி கையில குடுக்குறேன். அவ வாங்கித்தானே ஆகணும்? அப்புறம் நைசா புகாரை வாபஸ் வாங்கிக்கலாம். டெம்பா பேரும் கெடாது, உங்க பேரும் கெடாது" என்றார்.

அதிகாரி கடலோரத்துக்காரர் என்பதால் இதை விளக்கிச் சொன்னேன். எங்கள் மலையில் தவறு செய்தவர் இசாலே இலையை முடிந்து அனுப்பினால், அதைப் பெற்றவர் மன்னித்தே ஆக வேண்டும். மறுத்தால் ஊர் மறுத்தவரைத்தான் குற்றம் சொல்லும்.

நான் எவரிஸ்தியிடம், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவள் நான், சொன்ன இடத்திலேயே போய்த் திருத்துவேன் என்றேன். "அப்ப தனியாப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்காகக் காய்ச்சிய தேநீர் அப்படியே இருந்தது.

இன்று காலை முதலில் எலிசான்டேயின் மனைவி ஐகாண்டேயிடம் போனேன். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு மாட்டுக்கு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன டீச்சரம்மா, இன்னும் ஏதாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிவாளைக் கீழே வைக்காமல் கேட்டாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள்.

"இலை எங்க?"

"கொண்டு வரலைம்மா."

"ஏன், உங்க வேலியில இல்லாத இலையா?"

"கொண்டு வந்தா நீ மன்னிச்சே ஆகணும். உன்னை அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம்னுதான்."

"அப்ப நான் மன்னிக்கல."

சரி என்றேன். அதன் பிறகு, நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போகிறேன் என்றும் சொன்னேன். "போங்க, போங்க. இங்க நின்னு பேசிட்டிருக்காதீங்க" என்றாள்.

இங்கே இதைச் சொல்லத் தொடங்கியபோது அதிகாரி எழுதுவதை நிறுத்தி, "வயசாயிடுச்சு, அந்தி நேரம், கண்ணு சரியாத் தெரியலன்னு போட்டுக்கலாம் பாட்டிம்மா. உங்க மேல கேஸ் வராது, அவனையும் விட்டுடுவோம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். என் கண் நன்றாகத் தெரியும் என்றும், அந்த வரி எழுதப்பட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் சொன்னேன். எழுதியிருந்த அரை வரியை அவர் என் முன்னிலையில் அடித்தார்.

மாட்டுக்குப் புல் போட்டது நான். எலிசான்டே மின்ஜா என் கொட்டகைக்கு வந்ததை நான் பார்க்கவில்லை. அவரைப் பகலில், நாலு பேர் பார்க்கும்படி முன்வாசல் வழியாக வெளியே அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் இதையே நான் எழுந்து சொல்வேன். அதற்குள் என்னைக் காவலில் வைத்தால் அன்றைக்கு இதை அங்கே வாசிக்க அனுமதி தருகிறேன். பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை உண்டோ அதைக் குறைக்கும்படி கேட்கவில்லை.

என்னைக் காவலில் வைத்தால் யாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டார். யாரும் இல்லை என்றேன். வீட்டில் செத்த மாட்டின் கன்று இருக்கிறது. அதற்கு இன்று மாலை வரைக்கும் வாழைத்தண்டு நறுக்கிப் போட்டுவிட்டு வந்தேன். கூப்பிடு தூரத்தில் இருப்பது ஐகாண்டேயின் வீடு ஒன்றுதான். அவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கவில்லை.

இதில் எழுதியிருப்பதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு நானும் ஒருமுறை வாசித்து, இரண்டு இடங்களில் எழுத்துப் பிழை திருத்தினேன். இது முழுவதும் உண்மை. எவருடைய பயமுறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஹொனொராத்தா டெம்பா