தெளிவான படம்

நீங்கள் எப்போதாவது ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருக்கிறீர்களா, ஐயா? அரை மணி நேரம் அசையாமல் கிடப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தடதடவென்று காதைப் பிளக்கும் சத்தம். குழந்தைகள் அழும், பெரியவர்களுக்கு மூச்சு முட்டும். வெளியே காத்திருப்பவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

அதனால்தான் வேக ஸ்கேன் முறையை உருவாக்கினேன். மெஷின் அவசரமாகக் கொஞ்சம் தகவலை மட்டும் எடுக்கும். மிச்சத்தை நான் எழுதிய புரோகிராம் ஊகித்து நிரப்பி, மங்கலாகக் கிடக்கும் படத்தைத் தெளிவாக்கித் தரும். அதைப் பழக்குவதற்கு எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களின் தலைகளைத்தான் படம் எடுத்தேன். கூப்பிட்டதும் வந்து படுத்தார்கள். எல்லாமே ஆரோக்கியமான தலைகள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் மனைவிக்குத் தலைவலி. கையில் எடுத்த டம்ளர் நழுவியது. நானே ஸ்கேன் எடுத்தேன், முதலில் பழைய முறையில், பிறகு வேக முறையில். பழைய படத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது. வேகப் படத்தில் இல்லை. நோயையே பார்த்திராத என் புரோகிராம் அதை ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது.

அந்த வாரம்தான் தலைமை மருத்துவர் என் முறையை எல்லா அறைகளிலும் வைக்க ஒப்புக்கொண்டிருந்தார். பழைய படத்தை அழித்தேன். புதியதை டாக்டருக்கு அனுப்பினேன்.

“என்னங்க, பயப்படும்படி ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்லம்மா. டாக்டரே பாத்துட்டாங்க.”

“அப்போ என் தலைக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. புரோகிராமைத் திருத்திவிட்டால் அதுவே கட்டியைக் காட்டிக்கொடுக்கும், உடனே ஆபரேஷன் செய்துவிடலாம், முறையும் பிழைக்கும் அவளும் பிழைப்பாள் என்று கணக்குப் போட்டேன். திருத்தினேன். அவளைப் படுக்கவைத்தேன். தெரியவில்லை. மறுபடி திருத்தினேன், மறுபடி படுக்கவைத்தேன். கடவுளே, தெரிந்துவிட வேண்டும் என்று திரைக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவளுக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பழைய ஸ்கேனே எடுங்களேன். எவ்வளவு நேரமானாலும் அசையாம படுத்துக்கறேன்” என்றாள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்றேன்.

கடைசியில் ஒருநாள் தெரிந்தது. எலுமிச்சை அளவு. விளிம்பெல்லாம் அவ்வளவு துல்லியம். தேம்பித் தேம்பி அழுதேன். ஆபரேஷன் செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். அதற்கப்புறம் அவள் அதிக நாள் இருக்கவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விஷயம்தான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. நான் திருத்தியதால் அது தெரிந்ததா, வளர்ந்ததால் தெரிந்ததா? பழைய படத்தை அழித்துத் தொலைத்தேனே, திருத்திய புரோகிராமுக்கு எதைக் காட்டிச் சோதிப்பது? பட்டாணி அளவில் கட்டி இருக்கும் இன்னொருவர் கிடைத்தால் போதும், ஐயா, எடுத்துப் பார்த்து உறுதியாகச் சொல்லிவிடுவேன்.