பூண்டுக்காரர் கையில் தையல்

ஜாசிம்: கையை ஆட்டாம வைங்கண்ணே.

ராஜமுருகன்: ஆடுறது என் கையில்ல தம்பி. உங்க ஊசி.

ஜாசிம்: குளிருதுல்ல... அதான்.

ராஜமுருகன்: நான் மேல்மலையில பூண்டியில இருந்து வர்றேன். அங்க அடிக்கிற குளிருக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு நெத்தியில வேர்க்குதே.

ஜாசிம்: பாண்டிச்செல்வி சிஸ்டர், அந்த லைட்டைக் கொஞ்சம் கிட்டத் தள்ளுங்க.

பாண்டிச்செல்வி: இதுக்கு மேல தள்ளுனா அண்ணன் மீசை கருகிரும் டாக்டர். பூண்டுத்தாளை அறுக்கப் போயி உள்ளங்கையை அறுத்துட்டு வந்திருக்காரு. மரத்துப்போற ஊசி போட்டு எம்புட்டு நேரமாச்சு. தைங்க.

ஜாசிம்: மரத்திருச்சான்னு இன்னொரு வாட்டி பாத்துக்கிறேன். அண்ணே, இங்க கிள்ளுனா வலிக்குதா?

ராஜமுருகன்: அப்பவே மரத்துப்போச்சு. நீங்க கேட்டுக் கேட்டுத்தான் இப்ப லேசா முழிச்சுக்கிட்டு வருது.

ஜாசிம்: ஏண்ணே... ஆம்புலன்ஸ் சும்மாதான் நிக்குது. கொடைக்கானல் பெரிய ஆஸ்பத்திரிக்கு வெரசா போயிரலாம். அங்க சர்ஜன் இருக்காங்க.

ராஜமுருகன்: வேணாம். வளைவுல எனக்கு வாந்தி வரும்.

பாண்டிச்செல்வி: வத்தலக்குண்டு வரைக்கும் காய்கறி ஜீப் ஓட்டுறவருக்கா?

ராஜமுருகன்: ஓட்டுனா வராதும்மா. படுத்துக்கிட்டுப் போனாத்தான் வரும். நீ உன் சோலியப் பாரு. ஏன் தம்பி, கீழ கவர்மெண்ட் காலேஜ்ல படிச்சதாச் சொன்னீங்களே... அங்க நல்லாச் சொல்லிக் குடுப்பாங்களா?

ஜாசிம்: சொல்லுவாங்கண்ணே. சொல்றதுக்கு ஒரு கொறைச்சலும் இல்ல.

ராஜமுருகன்: செய்ய விடுவாங்களா?

ஜாசிம்: ஒரு கட்டிலைச் சுத்தி இருவது பேர் நிப்போம். நான் குள்ளம். புரபசர் நோயாளி வயித்துல கை வச்சு, 'கட்டி தெரியுதா'ம்பாரு. எல்லாரும், 'தெரியுது சார்'ம்போம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் முன்னால நிக்கிறவன் முதுகுதான்.

ராஜமுருகன்: அப்ப நான் முதுகுல அடிபட்டு வந்திருந்தா தெம்பாத் தைச்சிருப்பீங்க.

பாண்டிச்செல்வி: சிரிக்காதீங்கண்ணே, கை ஆடுது.

ராஜமுருகன்: படிப்பு முடிச்சு ஹவுஸ் சர்ஜன் ஆனதுக்கு அப்புறமாச்சும்...

ஜாசிம்: ரத்த சாம்பிளைத் தூக்கிக்கிட்டு லேபுக்கு ஓடுனேன். தையல்னு ஒரு ஆள் வந்தா, மேல்படிப்பு படிக்கிற அண்ணன்மாரு முந்திக்குவாங்க. 'ஜாசிம், நூலை வெட்டு'ம்பாங்க. நல்லா வெட்டுவேன்.

ராஜமுருகன்: பழனி பஜார்ல ஜவுளிக்கடை வச்சிருக்கிற தஸ்தகீர் பாய் மகன்தானே நீங்க? கத்திரி குடும்பத்துலயே கெடக்கு.

ஜாசிம்: இங்க மலைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி கூப்பிட்டு, பயிற்சி திருப்தியா இருக்கான்னு கேட்டாங்கண்ணே. 'ரொம்பத் திருப்தி'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ராஜமுருகன்: ஏன் அப்படிச் சொன்னீங்க?

ஜாசிம்: கேட்டதே புரபசர்தான்.

ராஜமுருகன்: அதுவும் சரிதான்... அப்ப எதுலதான் தையல் பழகுனீங்க?

ஜாசிம்: ஹாஸ்டல்ல... கோழிக்கால்ல.

ராஜமுருகன்: தையல் நின்னுச்சா?

ஜாசிம்: நின்னுச்சு. அப்புறம் நூலைப் பிரிச்சுட்டு வறுத்துத் தின்னுட்டோம்.

பாண்டிச்செல்வி: பயப்படாதீங்கண்ணே. உங்க கையை வீட்டுக்கே குடுத்து விட்டுருவோம்.

ஜாசிம்: விளையாடாதீங்க சிஸ்டர். எனக்கு நெசமாவே பயமா இருக்கு. இது அவரு பொழைக்கிற கை. நான் பாட்டுக்கு ஏதாச்சும் கோளாறு பண்ணிட்டா...

பாண்டிச்செல்வி: விரலு அஞ்சும் மடங்குதுன்னு நீங்கதான் பாத்தீங்க. பெரிய டாக்டரம்மா கேம்ப்ல இருந்தாலும் வீடியோ கால்ல பாத்துட்டு, மேல்தோலுதான், தைக்கலாம்னு சொல்லிட்டாங்க. இன்னும் என்ன?

ராஜமுருகன்: அதான தம்பி. தோலுதான. தைங்க.

ஜாசிம்: ...குத்துறேன்.

ராஜமுருகன்: குத்துங்க.

ஜாசிம்: வலிக்குதா?

ராஜமுருகன்: இல்ல. கண்ணைத் தொறங்க.

ஜாசிம்: தொறந்துதான்...

பாண்டிச்செல்வி: மூடியிருக்கு டாக்டர். தொறந்து பாருங்க, ஊசி அந்தப் பக்கம் வந்திருச்சு.

ஜாசிம்: ...ஆமா. வந்திருச்சு சிஸ்டர். முடிச்சும் விழுந்திருச்சு.

பாண்டிச்செல்வி: அடுத்ததைப் போடுங்க. கொஞ்சம் தள்ளி... ஆங், அப்படித்தான். இழுத்துக் கட்டாதீங்க.

ராஜமுருகன்: இப்ப கை நடுங்கலையே தம்பி.

ஜாசிம்: பேசாதீங்கண்ணே. கவனம் செதறுது.

பாண்டிச்செல்வி: பாருங்கண்ணே, டாக்டருக்கு அதட்டக்கூட வந்திருச்சு.

ஜாசிம்: ...முடிஞ்சது. தண்ணி படாம வச்சுக்கங்க. ஒரு வாரம் அருவாளைத் தொடக்கூடாது.

ராஜமுருகன்: நேராத்தான் இருக்கு. சாக்குப்பை வாயத் தைக்கிறவன்கூட இம்புட்டு நேராத் தைக்க மாட்டான்.

ஜாசிம்: அண்ணே... ஒண்ணு சொல்லணும். ஊசி எடுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், வாய் வரல. மனுச ஒடம்புல நான் தைக்கிறது இதுதான் மொத தடவை.

ராஜமுருகன்: கையுறையைத் திருப்பித் திருப்பி மாட்டுனீங்க பாருங்க, அப்பவே தெரியும். நானும் ஒண்ணு சொல்லல தம்பி. எம்மக ஜெயப்பிரியா உங்க காலேஜ்லதான் படிக்கிறா. போன வாரம் போன்ல ஒரே அழுகை. 'எந்த நோயாளியும் என்னையக் கிட்ட விட மாட்டேங்குறாங்கப்பா, பெரிய டாக்டரைக் கூப்பிடுங்குறாங்க'ன்னு. இன்னிக்கு அருவா பட்டதும் கொடைக்கானலுக்குத்தான் கெளம்புனேன். இங்க புது டாக்டர் தம்பி ஒருத்தர் வந்திருக்காருன்னாங்க... நானே உங்களைத் தாண்டிப் போனா, எம்பிள்ளைகிட்ட எவன் கை நீட்டுவான்?