அசலூர் ராஜா

அட, வெயில்ல ஏன் நிக்கிறீங்க, இங்கிட்டு வந்து புளிய மரத்தடியில ஒக்காருங்க. சித்தன்னவாசலுக்கா? அப்ப எறங்குற எடத்த விட்டுட்டீங்க. அடுத்த பஸ்ஸு சாயங்காலந்தான். இந்தாங்க, மோரு குடிங்க. நான் போட்டிருக்கிற வெல்வெட்டுக் கோட்டையும் மூஞ்சிப் பவுடரையும் பாத்து மெரளாதீங்க, எனக்குப் பைத்தியமெல்லாம் இல்ல. நான் செல்லமுத்து, நாடகத்துல ராஜபார்ட்டு. நாளைக்கு விடிஞ்சா அறந்தாங்கியில எனக்குக் கல்யாணம். பொண்ணு பேரு உண்ணாமலை. அதுக்குள்ள இந்த ஊர விட்டுப் போக முடியுமாங்கிறதுதான் இப்ப என் பாடு.

ஏன் முடியாதுன்னா கேக்குறீங்க? கையப் பாருங்க, மஞ்சக் காப்பு. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுனவன், தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் எல்லை தாண்டப்படாது. தாண்டுனா அம்மன் கண்ணக் குத்திருமாம். அம்மன் விட்டாலும், அந்தா குந்தியிருக்கானுங்களே ரெண்டு தடியனுங்க, அவனுங்க விட மாட்டானுங்க. இந்த ஊரு சனம் ரெண்டு கரையா, ரெண்டு வகையறாவாப் பிரிஞ்சு கெடக்கு; அதுல ஒருத்தன் மேலக்கரை ஆளு, ஒருத்தன் கீழக்கரை ஆளு.

எல்லாம் எங்க நாடகக் கம்பெனி ஞானமணி வாத்தியாரு எழுதுன நாடகத்தால வந்தது. தென்னமெரிக்காவுல ஒரு நாடு. அவரா கட்டிவிட்ட பேரு, என் வாயில நொழையாது. சுதந்திரம் வாங்கிருச்சு. வாங்குன மறுநாளே யாரு ஆள்றதுன்னு வெட்டுக்குத்து. உள்ளூர்க்காரன் எவன் ஏறுனாலும் இன்னொருத்தன் ஒத்துக்கிர மாட்டேங்கிறான். சரி, சண்டையே வேணாம்னு கப்பல் அனுப்பிச்சு, அந்த ஊரு பாசையே தெரியாத ஒரு வெள்ளக்காரனக் கூட்டியாந்து முடி சூட்டிர்றாங்க. அந்த வெள்ளக்காரன்தான் நான். கப்பல விட்டு எறங்கி கல்யாணி ராகத்துல ஒரு பாட்டுப் பாடுவேன் பாருங்க, சனம் சொக்கிப் போயிரும்.

இங்க நாடகம் போட வந்தா, தேருல மொத மரியாதை யாருக்குன்னு தகராறு. மேலக்கரைக்குப் பெரியவரு நல்லதம்பி அம்பலம், எனக்குங்கிறாரு. கீழக்கரை பிச்சை அம்பலம், எனக்குங்கிறாரு. முன்னெல்லாம் சமஸ்தானத்து ஆபீசரு வந்து தீத்து வச்சுட்டுப் போவாராம். சுதந்திரம் வந்தப்புறம் மாசியில சமஸ்தானத்தையே புது சர்க்காரோட சேத்துப்புட்டாங்கல்ல, அந்த ஆபீசரு இப்ப எங்கன்னு அவரு சம்சாரத்துக்கே தெரியல. அருவாளெல்லாம் வெளிய வந்திருச்சு. நாங்க பாட்டுக்கு நாடகத்த ஆரம்பிச்சோம். முடி சூட்டுற காட்சி முடிஞ்சதுதான் தாமசம், ரெண்டு அம்பலமும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க, மேடையேறி வந்தாங்க, எனக்குப் பரிவட்டத்தக் கட்டி, காப்பையும் கட்டிட்டாங்க. வாத்தியாரு புதுசா சேத்த காட்சி போலன்னு நானும் தலையக் குனிஞ்சு குடுத்தேன்.

சிரிக்காதீங்க. அன்னையிலருந்து நான்தான் இங்க ராஜா. பவுடரக் கழுவக் கூடாது. கழுவுனா நான் வெறும் செல்லமுத்து. தோண்டித் துருவுனா கீழக்கரையில எவனுக்காச்சும் மச்சான் மொறை ஆயிருவேன், மேலக்கரை சும்மா இருக்குமா? ரெண்டு கரையும் ஆளுக்கொரு எலை போடுது. ஒண்ணுல ஒரு கவளம் கொறைஞ்சாலும் கலகம். ஆடு மேஞ்ச பிராது, கண்மாய்த் தண்ணிப் பிராது, எல்லாம் என்கிட்டதான். எனக்கு என்ன தெரியும், வாயில வந்த நாடக வசனத்த எடுத்து விடுறேன். கும்பிட்டுட்டுப் போறாங்க. ராஜாவுக்கு ஒண்ணும் தெரியாததுதான் யோக்கியதை போலருக்கு.

ஆனா மனசு பூரா அறந்தாங்கியில கெடக்குங்க. கூத்தாடிக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு அவ அப்பன் ஒத்தக்கால்ல நின்னாரு. சோறு தண்ணி எறங்காமக் கெடந்து அவதான் சம்மதிக்க வச்சா. நாளைக்கு மணவறையில நான் இல்லேன்னா அந்த மனுசன் சொன்னதுதானே சரின்னு ஆயிரும்?

அதான் நேத்து ரெண்டு அம்பலம் கால்லயும் விழுந்துட்டேன். அவங்களும் எரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாங்க. இருங்க, ஒங்களுக்கு எந்த ஊரு? சேலமா. இந்தப் பக்கம் பொண்ணு குடுத்தது, எடுத்தது? யாருமே இல்லையா, ரொம்ப நல்லது. கல்யாணம்? ஆயிருச்சுல்ல, அப்ப ஒண்ணும் அவசரமில்ல.

மேளம் இங்கிட்டுதான் வருது. நீங்க பஸ்ஸ விட்டு எறங்குனப்பவே அந்தத் தடியனுங்க அம்பலங்களுக்குச் சொல்லியனுப்பிட்டானுங்க. ரெண்டு கரையிலயும் சேராத அசலூரு ஆளு கெடச்சா, காப்ப மாத்திக் கட்டிக்கலாம்னு பூசாரியும் சரின்னுட்டாரு. கையத் தூக்குங்க, கோட்டு கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும். பயப்படாதீங்க, நல்ல சனங்க. ராஜாவ ஒரு கொறையில்லாம வச்சுக்குவாங்க, போகத்தான் விட மாட்டாங்க.